ஆடிக்காற்றுக்கு ஒரு ஜன்னல்

அப்பத்தாவின் வலது கை ஆள்காட்டி விரல் நுனி கொஞ்சம் கோணலாக இருக்கும். நகம் முழுசாக வளராது. எனக்கு ஏழு வயது இருக்கும்போது, ஓர் ஆடி மாதத்துச் சாயங்காலம் நடந்தது அது. ஆசாரத்தை, அதாவது வீட்டின் கூடத்தை, ஒட்டிய அறையில் மேற்குப் பார்த்த ஜன்னல். பழைய ஜன்னல் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். உள்பக்கம் நெட்டுக்குத்தாகக் கம்பி, அதற்கு அந்தப் பக்கம் இரட்டை மரக்கதவு, வெளியே பார்த்துத் திறக்கும். சாத்த வேண்டுமானால் கம்பிக்கு நடுவே கையை விட்டு, கொக்கியை எடுத்து, கதவை இழுக்க வேண்டும். அப்பத்தா கொக்கியை எடுத்த நேரம் பார்த்துக் காற்று கதவைப் பிடுங்கி வெளிச்சுவரில் ஓர் அடி அடித்தது. அப்படியே திருப்பிக் கொண்டுவந்து நிலவில், அதாவது ஜன்னலைத் தாங்கும் சட்டத்தில், மோதியது. நடுவில் விரல். பக்கத்துச் செட்டில் பன்னிரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையும் மீறி அது கேட்டது.

அப்பத்தா அழவில்லை. முந்தானையைச் சுற்றிக்கொண்டு, "மொதல்ல அந்தக் கதவச் சாத்துங்க" என்றார்.

மூன்று வருடம் முன்பு புது வீடு கட்ட ஆரம்பித்தபோது, எதை எதையோ விட்டுவிட்டு நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றதற்குக் காரணம் இதுதான். டைல்ஸ் என்ன நிறம், வாசல் கதவில் என்ன வேலைப்பாடு என்பதையெல்லாம் வீட்டில் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னலை நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர் பல்லடத்துக்கு மேற்கே. இந்தப் பக்கத்துக் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையிலிருந்து குமரிவரை சுவர் மாதிரி நிற்கிறது. அந்தச் சுவரில் உள்ள பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் முப்பது கிலோமீட்டருக்கும் மேலான இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்று மலை முழுக்க முட்டிப் பார்த்துவிட்டு இந்த வாசல் வழியாகத்தான் பாய்ந்து வருகிறது. மழையை மலைக்கு மேற்கேயே இறக்கி வைத்துவிட்டு, காற்று மட்டும் நம்மிடம் வரும். பொள்ளாச்சி வரைக்கும் சாரலாவது கூட வரும், எங்களுக்கு அதுவும் கிடையாது. கேத்தனூர், பூளவாடி, குடிமங்கலம் என்று காற்றாலைகள் வரிசையாக நிற்பது இதனால்தான். வைகாசிக் கடைசியில் ஆரம்பித்து ஆவணிவரை, மேற்கேயிருந்து, ராத்திரி பகல் இல்லாமல். காய்ந்த சோளக்காட்டுப் புழுதி, தறிச் செட்டின் பஞ்சு, கோழிப்பண்ணை நாற்றம் எல்லாம் அதில் ஏறி வரும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை எங்கள் பக்கம் யாரும் மிகையாக நினைப்பதில்லை.

இந்தக் காற்றுக்கு என்ன ஜன்னல் வைப்பது?

எஞ்சினியர் போட்டுக்கொடுத்த வரைபடத்தில் எல்லா அறைக்கும் ஐந்தடிக்கு நான்கடி யுபிவிசி ஸ்லைடிங், அதாவது கெட்டிப் பிளாஸ்டிக் சட்டத்தில் பக்கவாட்டில் நகரும் கதவு, என்று இருந்தது. இப்போது கட்டுகிற பத்து வீட்டில் எட்டு வீட்டுக்கு அதுதான். விலை குறைவு, இடம் அடைக்காது, கரையான் ஏறாது. ஆனால் நான் திருப்பூரில் எட்டு வருடம் வாடகை வீட்டில் ஸ்லைடிங் ஜன்னலோடு குடியிருந்தவன். ஆடியில் காலையில் எழுந்தால் ஜன்னலுக்கு நேர் கீழே தரையில் கோலமாவு கொட்டியதுபோல ஒரு கோடு புழுதி கிடக்கும். காரணம் எளிது. நகர்கிற கதவு நகர வேண்டுமென்றால் இறுக்கமாக இருக்க முடியாது. அதனால் ஓரத்தில் ரப்பருக்குப் பதில் பிரஷ் மாதிரி ஒரு நூல் பட்டை வைத்திருப்பார்கள். காற்று அந்த மயிருக்குள் புகுந்து வரும், கூடவே விசில் சத்தம். கீழே தண்டவாளத்தில் மண் சேர்ந்து, அதில் ஒரு மழை விழுந்து காய்ந்தால், அப்புறம் கதவைத் தள்ள இரண்டு ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், ஐந்தடி ஜன்னல் வைத்தாலும் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும்.

சரி, வெளியே திறக்கும் கதவு வைக்கலாமா என்றால் அங்கே கிரில் வந்து நிற்கிறது. நம் ஊரில் கிரில் இல்லாத ஜன்னலை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கதவு வெளியே திறந்தால் கிரில் உள்ளே வரவேண்டும். கிரில் உள்ளே வந்தால் சாத்துவதற்குக் கம்பிக்குள் கை விட வேண்டும். கடைசியில் அப்பத்தாவின் விரலில்தான் போய் நிற்கும். கொசுவலை எங்கே போடுவது என்பது அதற்கு மேல் ஒரு சிக்கல். யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவாயிற்று. நம் வீடுகளில் ஜன்னல் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது கிரில்தான். கிரிலும் வலையும் வெளியே நிலையாக இருந்துவிட்டால், கதவு உள்ளே திறப்பது ஒன்றே வழி.

உள்ளே திறக்கும் ஜன்னலை நான் முதலில் பார்த்தது ஜெர்மனியில். வீட்டு உபயோகத் துணிகளுக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் வருடா வருடம் ஜனவரியில் ஹைம்டெக்ஸ்டில் என்ற பெரிய கண்காட்சி நடக்கும். எங்கள் கம்பெனி சார்பில் போனபோது ஒரு வீட்டின் மாடியறையில் ஐந்து நாள் தங்கினேன். அறையில் ஒரே ஒரு ஜன்னல், ஒரே ஒரு கைப்பிடி. கைப்பிடி கீழ்நோக்கி இருந்தது. மேல்நோக்கித் திருப்பி இழுத்தேன். கதவு பக்கவாட்டில் திறக்காமல், தலைப்பக்கம் மட்டும் என்னை நோக்கிச் சாய்ந்தது. கழன்று விழுகிறது என்று இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன். விழவில்லை. ஒரு சாண் அளவுக்குச் சாய்ந்து அப்படியே நின்றது. அந்தச் சந்து வழியாகக் குளிர்காற்று முகத்தில் படாமல் மேற்கூரைப் பக்கம் ஏறிப் போனதை, தலையை உயர்த்தினால் உணர முடிந்தது.

மறுநாள் காலை வீட்டுக்கார அம்மாள் வந்து காட்டிக்கொடுத்தார். கைப்பிடி கீழே இருந்தால் பூட்டு. படுக்கைவசம் இருந்தால் கதவுபோலப் பக்கவாட்டில் முழுசாகத் திறக்கும். மேல்நோக்கி இருந்தால் அடிப்பக்கம் நிலைத்து, தலை மட்டும் சாயும். அவர்கள் ஊரில் இது மிகச் சாதாரணம். ஸ்டுட்கார்ட்டில் வில்ஹெல்ம் ஃபிராங்க் என்பவர் 1935 இல் இந்த இரும்புச் சாமான்களைத் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து விற்கத் தொடங்கினார். ரோட்டோ என்ற பெயரில் அந்தக் கம்பெனி இன்றும் இருக்கிறது. அந்த அம்மாள் காலையில் பத்து நிமிடம் ஜன்னலை விரியத் திறந்து வைத்துவிட்டு, பிறகு இறுக்கிச் சாத்திவிடுவார். குளிர்காலத்தில் நாள் முழுக்கச் சாய்த்து வைத்தால் ஜன்னலைச் சுற்றிய சுவர் குளிர்ந்து பூஞ்சை பிடிக்கும் என்று சொன்னார். அவர்களுக்குக் குளிரும் ஈரமும் கவலை. நமக்கு அந்தக் கவலை இல்லை. நாள் முழுக்கச் சாய்த்தே வைக்கலாம். பல்லடத்துக்கு இதைக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும் என்று அங்கேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். இங்கே இதை டில்ட் அண்ட் டர்ன் என்று கேட்டால்தான் கடைக்காரர்களுக்குப் புரியும்.

எஞ்சினியரிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "ஏனுங்க, உள்ளே தொறந்தா ரூம்ல எடம் அடைக்குமுங்களே?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ஜன்னல் அளவில் இருக்கிறது. ஐந்தடி அகலத்துக்கு ஒற்றைக் கதவாகப் போட்டால் பாதி அறையை அது கூட்டிக்கொண்டு வரும். அகலத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்ட வேண்டும். நாங்கள் மூன்றடி அகலம், நாலரை அடி உயரம் என்று மாற்றினோம். இது இடத்துக்காக மட்டுமல்ல. கண்ணாடியின் எடைக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு, இரண்டரை கிலோ. மூன்றடிக்கு நாலரை அடி என்பது சுமார் 1.25 சதுர மீட்டர். ஐந்து மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு அடுக்கு என்றால் கண்ணாடி மட்டுமே 31 கிலோ. அதற்கு மேல் யுபிவிசி சட்டம், அதற்குள் இருக்கும் இரும்புப் பட்டை. இவ்வளவு எடையும் ஒரு பக்கத்துக் கீலில் தொங்குகிறது. அகலம் கூடக் கூடக் கைப்பிடிப் பக்கம் தொய்யும். உயரத்தைவிட அகலம் அதிகமான ஒற்றைக் கதவைச் செய்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் கொஞ்சம் யோசித்துத்தான் பேச வேண்டும்.

கடை பார்க்க நான் வேண்டுமென்றே ஆடி மாதத்தில் போனேன். ஆடியில் புது வேலை எதுவும் ஆரம்பிக்க மாட்டோம் என்பதால் கடைகளில் கூட்டம் இருக்காது, நின்று பேசலாம். அதைவிட முக்கியம், காற்று இருக்கும். கோயம்புத்தூரில் மூன்று இடம், திருப்பூரில் ஓர் இடம். ஷோரூமில் ஏசி போட்டு நடுவில் நிறுத்தி வைத்திருக்கும் ஜன்னலைத் திறந்து மூடிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. "நீங்க மாட்டிக்கொடுத்த வீடு ஒண்ணு காட்டுங்க, மேக்கால பாத்த ஜன்னலா இருக்கணும்" என்று கேட்டேன். இரண்டு பேர் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த வீடுகளில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, சாத்திய ஜன்னலின் ஓரமாக மெதுவாகச் சுற்றிலும் காட்டினேன். புகை நேராக ஏறினால் ரப்பர் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு வீட்டில் கீல் பக்கத்துக் கீழ் மூலையில் புகை உள்பக்கம் கிடைமட்டமாகப் படுத்தது. இன்னொரு சோதனை, ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவுக்கும் நிலவுக்கும் நடுவே வைத்துச் சாத்திவிட்டு இழுத்துப் பார்ப்பது. சுலபமாக வந்துவிட்டால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்கிறவர்கள் யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை. வெளியே திறக்கும் கதவைச் சாத்திவிட்டால், மேற்கேயிருந்து வரும் காற்று அதை நிலவோடு சேர்த்து அழுத்தும். காற்றே பூட்டு மாதிரி. உள்ளே திறக்கும் கதவில் இது தலைகீழ். காற்று அதை நிலவிலிருந்து பிரிக்கத்தான் பார்க்கும். ஆகவே காற்றடிக்கும் பக்கத்தில் உள்ளே திறக்கும் ஜன்னல் வைத்தால், அதன் பலமெல்லாம் பூட்டில் இருக்கிறது. ஒரே ஓர் இடத்தில் பூட்டு விழும் ஜன்னலை அங்கே வைக்கவே கூடாது. நல்ல டில்ட் அண்ட் டர்ன் ஜன்னலில் கைப்பிடியைத் திருப்பியதும் கதவின் விளிம்பு முழுக்க ஓடும் ஓர் இரும்புப் பட்டை நகரும். அதில் அங்கங்கே காளான் குடை மாதிரி தலை பெருத்த குமிழ்கள் இருக்கும். ஒவ்வொன்றும் நிலவில் அதற்கென்று இருக்கும் கொக்கிக்குள் போய் மாட்டி, கதவை ரப்பரோடு சேர்த்து இழுத்துப் பிடிக்கும். எங்கள் மேற்கு ஜன்னல்களில் நான்கு பக்கமும் சேர்த்து எட்டு இடம் கேட்டு வாங்கினேன். விலைப்பட்டியலில் கண்ணாடியின் கனத்தை எழுதுவார்கள், பிரேமின் பெயரை எழுதுவார்கள். பூட்டும் புள்ளி எத்தனை என்பதை நாம்தான் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

அதேபோலக் கேட்டு வாங்கியது இன்னும் இரண்டு. சாய்த்து வைத்த கதவை, காற்று திடீரென்று திசை மாறி உறிஞ்சினால் டப்பென்று சாத்திவிடும். அதைத் தடுத்து நிறுத்த ஒரு சின்னப் பிடிப்பு உண்டு. பக்கவாட்டில் திறந்த கதவு தானாக ஆடாமல் நிற்க ஒரு தடை உண்டு. இரண்டும் தனியாகக் கேட்டால்தான் வரும். விரல் நசுங்குகிற கதையை மாற்றத்தான் இவ்வளவு பாடும்; இவை இல்லாமல் வாங்கினால் பழைய கொக்கிக் கதவை வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வாங்கிய மாதிரிதான்.

மாடியில் தங்கை பிள்ளைகள் வந்து படுக்கும் அறைக்கு வேறு மாதிரி ஒன்று போட்டோம். அதில் கைப்பிடியின் முதல் திருப்பத்தில் சாயும், இரண்டாம் திருப்பத்தில்தான் முழுசாகத் திறக்கும். இரண்டாம் திருப்பத்துக்குச் சாவி வேண்டும். கிரில் இருக்கும்போது இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். கதவு முழுசாகத் திறந்தால் அதன் கூர் விளிம்பு சரியாக நான்கு வயசுப் பிள்ளையின் நெற்றி உயரத்தில் வந்து நிற்கிறது. அளந்து பார்த்தேன்.

அளவு எடுக்க வந்தபோதே தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைக் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்துகொண்டோம். ஒன்பது இன்ச் சுவரில் நிலவை நடுவில் வைப்பதுதான் கொத்தனாரின் வழக்கம். நடுவில் வைத்தால் உள்ளே திறக்கும் கதவு சுவர் விளிம்பில் முட்டி, தொண்ணூறு டிகிரியோடு நின்றுவிடும். அறைக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். உள்சுவரின் பூச்சு மட்டத்துக்கு நிலவைக் கொண்டுவந்தால் கதவு நன்றாகப் பின்னால் மடங்கிச் சுவரோடு சாயும். வெளிப்பக்கம் கிரிலுக்கும் கொசுவலைக்கும் தாராளமாக இடம் கிடைக்கும், மழைத் தண்ணீர் படும் தூரமும் குறையும். மேஸ்திரி, "இப்படி வெச்சா அழகா இருக்காதுங்" என்றார். வைத்துக் காட்டிய பிறகு அவரே மற்ற அறைகளுக்கும் அப்படியே வைத்தார். முதலில் நடுவில் வைத்த ஒரு ஜன்னலை மட்டும் பெயர்த்து எடுக்க வேண்டியதாயிற்று.

சமையலறைக்கு இதை வைக்கவில்லை. ஜன்னலுக்கு நேர் கீழே சிங்க், அதன் குழாய் வளைந்து ஒன்றே காலடி உயரத்துக்கு நிற்கிறது. உள்ளே திறக்கும் கதவு நேராக அதில் போய் இடிக்கும். அங்கே ஸ்லைடிங்தான். அது கிழக்குப் பார்த்தது, காற்று அடிக்காத பக்கம், அங்கே அதற்குக் குறை ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிப் பக்கத்துக் குளியலறைக்குச் சாய மட்டும் செய்கிற சின்ன ஜன்னல்.

பழக்கத்தில் மாற வேண்டியது ஒன்று உண்டு, அதை வாங்கும் முன்னாலேயே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுவது நல்லது. நம் வீடுகளில் ஜன்னல் திட்டு என்பது ஓர் அலமாரி. சீப்பு, தைலம், திருநீற்று டப்பா, மாத்திரை அட்டை, மின்சார வாரிய ரசீது எல்லாம் அங்கேதான் இருக்கும். உள்ளே திறக்கும் கதவு அத்தனையையும் துடைத்துக்கொண்டு வரும். அம்மாவுக்கு இது பெரிய குறையாகவே இருந்தது. பக்கத்திலேயே சுவரில் ஒரு சின்னப் பலகை அடித்துக்கொடுத்த பிறகுதான் சமாதானமானார். திரைச்சீலைக் கம்பியையும் ஜன்னலுக்கு நேர் மேலே அடிக்கக் கூடாது. நிலவுக்கு மேலே ஒரு முக்கால் அடி உயர்த்தி, இரண்டு பக்கமும் ஒரு அடி நீட்டி அடித்தால், திரையை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கதவைத் திறக்கலாம்.

இனி தறிச் சத்தம். எங்கள் வீட்டுக்கு வடக்கே முப்பதடியில் செட். சத்தம் குறைய வேண்டும் என்றால் கண்ணாடியைக் கனமாக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது சந்து. மயிரிழைச் சந்து இருந்தாலும் சத்தம் அதன் வழியே வந்துவிடும். சுற்றிலும் ரப்பர் அழுந்துகிற இந்த ஜன்னலில் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதிக்குக் கண்ணாடி. இரட்டைக் கண்ணாடியில் இரண்டையும் ஒரே கனத்தில் போட்டால், ஒரே சுருதிக்கு இரண்டும் சேர்ந்து அதிரும். ஒன்று ஆறு மில்லிமீட்டர், மற்றது ஐந்து என்று மாற்றிப் போட்டால் இரண்டும் சேர்ந்து அதிர்வது குறையும். வடக்கு அறைக்கு மட்டும் அப்படிப் போட்டோம். சாத்தியிருக்கும்போது தறி எங்கோ பக்கத்து ஊரில் ஓடுவதுபோல இருக்கிறது. ஆனால் சாய்த்துவிட்டால் சத்தம் பழையபடி உள்ளே வந்துவிடும். கொஞ்சம் திறந்துவைத்தால் கொஞ்சம்தான் கேட்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரட்டைக் கண்ணாடி போட்டதாலேயே மேற்கு வெயில் உள்ளே வராமல் போகாது. சன்ஷேடை இரண்டடிக்குக் குறையாமல் நீட்டியது, முன்னால் ஒரு வேம்பு நட்டது, இவைதான் அதற்கு வழி.

விலை, ஸ்லைடிங்கைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வந்தது. அதனால் எல்லா இடத்துக்கும் போடவில்லை. மேற்கில் மூன்று, வடக்கில் ஒன்று, மாடியில் ஒன்று. ஐந்தே ஐந்து.

மாட்டுகிற நாள் அவ்வளவு நன்றாகப் போகவில்லை. வந்த ஆட்கள் நிலவுக்கும் சுவருக்கும் நடுவே முட்டுக்கட்டை வைக்காமல், நுரையை மட்டும் அடித்துவிட்டுத் திருகாணியை முறுக்கிவிட்டார்கள். நிலவு நடுவில் உள்வாங்கி, கதவு கீழே உரசியது. "ரெண்டு நாள் போனா சரியாயிரும்" என்றார்கள். ஆகவில்லை. நான்கு முறை போன் செய்து, ஐந்தாவது முறை முதலாளியிடமே பேசி, நுரையை வெட்டி எடுத்து மறுபடி வைக்கச் சொன்னேன். அந்த முறை வந்த ஃபிட்டர் தம்பி வேலை தெரிந்தவர். ரச மட்டம் வைத்துப் பார்த்து, மூலைகளில் கட்டை கொடுத்து நிறுத்தினார். பிறகு கீழ்க் கீலில் இருக்கும் சின்ன ஓட்டையில் நான்கு எம்எம் ஆலன் கீயை விட்டு அரைச் சுற்று திருப்பினார். நாற்பது கிலோவுக்கு மேல் உள்ள கதவு நூலளவு மேலே ஏறியது. "இதக் கத்துக்கங்கண்ணா, வருசம் ஒருக்கா நீங்களே பண்ணிக்கலாம்" என்று அந்தச் சாவியை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். நிலவின் அடிச்சட்டத்தில் வெளிப்பக்கம் இரண்டு சின்னத் துளைகள் இருக்கின்றன. சட்டத்துக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேறும் வழி. பூச்சு வேலையில் அவற்றை அடைத்திருந்தார்கள். ஈர்க்குச்சியால் குத்தித் திறந்துவிட்டதும் அவர்தான்.

ஜன்னல் வந்த இரண்டாவது வாரம் அப்பா பயந்துவிட்டார். கதவு பக்கவாட்டில் திறந்திருக்கும்போதே கைப்பிடியை மேலே திருப்பியிருக்கிறார். இதைத் தடுக்க விளிம்பில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். கதவைத் துடைத்தபோது அது அமுங்கியிருந்திருக்கிறது. மேலே கதவையும் நிலவையும் இணைக்கும் கத்தரி மாதிரியான கை கதவின் விளிம்பை விட்டு விலகிவிட, கதவு கீழ் மூலையிலும் அந்தக் கையின் நுனியிலும் மட்டும் தொங்கியது. என்னைக் கூப்பிட்ட குரலில் நடுக்கம் இருந்தது. சாதாரணமாகக் கதவு கீழே விழாது, கீழ் மூலையும் அந்தக் கையும் தாங்கும். பதறாமல், கீல் பக்கத்து மேல் மூலையை நிலவோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, அந்த நாக்கை அமுக்கிக்கொண்டு, கைப்பிடியைப் படுக்கைவசத்துக்குக் கொண்டுவந்தால் கை மறுபடி மாட்டிக்கொள்ளும். இரண்டு பேர் இருந்தால் சுலபம். அன்று சாயங்காலமே வீட்டில் எல்லோரையும் நிற்கவைத்துச் செய்து காட்டினேன். சாத்திய பிறகுதான் கைப்பிடியைத் திருப்ப வேண்டும் என்பது இப்போது பிள்ளைகளுக்கும் தெரியும்.

கொசுவலையை வெளியே போட்டதில் கொசு தவிர இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது. சாய்த்து வைத்த ஜன்னலின் இரண்டு ஓரத்திலும் மேலே அகலமாகவும் கீழே போகப் போக ஒடுக்கமாகவும் ஒரு சந்து விழும். பூனை மேலே ஏறி அதில் நுழையப் பார்த்தால் கீழே சறுக்கி இடுப்பில் மாட்டிக்கொள்ளும், எவ்வளவு துள்ளுகிறதோ அவ்வளவு இறுகும். ஜெர்மனியில் பூனைகள் இப்படி மாட்டிச் சாவது உண்டு என்று அந்த அம்மாளே சொல்லியிருந்தார். வெளியே வலை இருந்தால், போவதற்கு வழி இல்லை என்று தெரிந்து எங்கள் பூனை அந்தப் பக்கமே ஏறுவதில்லை.

அப்பத்தா அறையின் ஜன்னலுக்கு மட்டும் கைப்பிடியைக் கீழே வைக்கச் சொல்லியிருந்தேன். சாதாரணமாகக் கதவின் நடு உயரத்தில்தான் வரும். ஆனால் உயரத்தை மாற்றிச் செய்யலாம், ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அப்பத்தாவுக்குக் கட்டிலில் உட்கார்ந்தபடி எட்ட வேண்டும் என்று, தரையிலிருந்து மூன்றேகால் அடியில் வைத்துக்கொடுத்தார்கள். கைப்பிடி மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன என்று இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தேன். படுக்கைவசம் உனக்கு வேண்டாம் அப்பத்தா, மேலேயும் கீழேயும் போதும் என்றேன்.

போன ஆடியில், பதினெட்டுக்கு முந்தின ராத்திரி, காற்று பேயாக அடித்தது. முற்றத்துத் தகரம் படபடவென்று அடித்துக்கொள்ள, எழுந்து போய்க் கல் தூக்கி வைத்துவிட்டு வந்தேன். அப்பத்தா அறையில் விளக்கு எரிந்தது. கட்டிலில் உட்கார்ந்து, அந்தக் கோணல் விரலையும் சேர்த்துக் கைப்பிடியைப் பிடித்து, மெதுவாக மேலே திருப்பிக்கொண்டிருந்தார். கதவின் தலை ஒரு சாண் சாய்ந்து நின்றது. மேலே தொங்கிய ஒட்டடைக் குச்சியின் நார் மட்டும் ஆடியது, திரைச்சீலை அசையவில்லை.

"காத்து வருதுங்களா அப்பத்தா?"

"வருது சாமி. நீ போய்ப் படு, நாஞ் சாத்திக்கறேன்."